பர்ன்அவுட்: தோட்டப்புறப் பட்டணத்திலிருந்து கோட் எழுதுகிறவர்களுக்கு

ஒன்பது மணிக்கு ஸ்டாண்ட்அப், குழுவின் தினசரிக் கூட்டம். எட்டு ஐம்பத்தெட்டு வரை லேப்டாப் மூடியே கிடக்கிறது, திறக்கக் கை போகவில்லை. திறந்த பிறகும், போன வாரம் நீங்களே எழுதிய ஃபங்ஷனை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. நேற்று என்ன முடித்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து மணி நேரம் திரைக்கு முன்னால்தான் இருந்தீர்கள். இப்படி ஒரு நாள் போனால் தூக்கம் போதவில்லை என்று விட்டுவிடலாம். மூன்று வாரமாக இதே கதை என்றால் அது பர்ன்அவுட்டாக, அதாவது வேலை அழுத்தத்தில் ஆள் வற்றிப்போவதாக, இருக்கலாம்; மேலே படியுங்கள்.

கோவிட்டுக்குப் பிறகு கோலாலம்பூர், சிங்கப்பூர் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றானதும், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பெஸ்தாரி ஜெயா போன்ற மலேசியத் தோட்டப்புற ஊர்களுக்குத் திரும்பிய பிள்ளைகள் நிறையப் பேர். வாடகை மிச்சம், அம்மா சமையல், நெரிசல் இல்லை. ஆனால் பட்டணத்து அலுவலகத்தில் தானாகவே இருந்த சில வேலிகள் இங்கே கிடையாது. மாலை ஆறரைக்கு விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டும் ஆள் இல்லை. கடைசி எல்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரமும் இல்லை. அந்த வேலிகளை நாமே கட்ட வேண்டும். அதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறோம்.

வரிசை முக்கியம். பெரும்பாலானோர் எடுத்த எடுப்பில் விடுப்பு எடுத்துவிடுகிறார்கள். ஒரு வாரம் தூங்கி எழுந்து திரும்பினால் அதே அலர்ட் (சர்வர் கோளாறு எச்சரிக்கை), அதே மீட்டிங், அதே குவிந்த வேலை. இரண்டே வாரத்தில் பழைய நிலை. போதாக்குறைக்கு ‘ஓய்வெடுத்தும் சரியாகவில்லையே, கோளாறு என்னிடம்தான்’ என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் இங்கே விடுப்பு கடைசிப் படிகளில்தான் வரும்.

படி 1: இது எது என்று பாருங்கள்

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் பர்ன்அவுட்டுக்கு இடம் உண்டு. ஆனால் அதை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்கிறது. அடையாளம் மூன்று. உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையின் மீது விலகலும் வெறுப்பும் ஏறுவது, செய்யும் வேலையில் திறன் குறைந்ததாகத் தோன்றுவது. 1981இல் வெளிவந்த கிறிஸ்டினா மஸ்லாக்கின் கேள்வித்தாளும் ஏறத்தாழ இந்த மூன்றைத்தான் அளக்கிறது.

நிரலாளர் வாழ்க்கையில் இவை எப்படித் தெரியும்? வற்றிப்போவது காலையிலேயே தெரிந்துவிடும். விலகல் கோட் ரிவியூவில், அதாவது சக ஆள் எழுதிய கோடைச் சரிபார்ப்பதில், தெரியும். முன்பு பத்து வரி கருத்து எழுதியவர் இப்போது திறந்து பார்க்காமலேயே ‘ஓகே’ போடுவார், அல்லது புதிதாகச் சேர்ந்த பையனின் சின்னத் தவறுக்கு எரிந்து விழுவார். திறன் குறைவு பக்-கில், அதாவது பிழை திருத்துவதில், தெரியும். இரண்டு மணி நேர வேலை இரண்டு நாள் இழுக்கும், அதை மறைக்க இரவில் உட்காருவார், மறுநாள் இன்னும் மந்தமாகும்.

ஊகிப்பதை விட்டு 14 நாள் அளந்து பாருங்கள். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற ஆப்களே அதிகம். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். காலை 10, மாலை 3, இரவு 9 என மூன்று வேளை, தெம்புக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். பக்கத்தில், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான்கு சொல். சனி, ஞாயிறும் எழுத வேண்டும். எண்களைப் படித்துப் பார்க்க முக்கியமே அந்த இரண்டு நாள்தான்.

சனிக்கிழமை எண் ஏறி, ஞாயிறு இரவு சரிந்தால் பிரச்சினை வேலையில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சனி, ஞாயிறிலும் 2, 3 என்றே கிடந்து, சாப்பாடு ருசிக்கவில்லை, பூப்பந்து ஆடப் பிடிக்கவில்லை, அக்கா பிள்ளைகள் வந்தாலும் சிரிப்பு வரவில்லை என்றால் அது வேலையைத் தாண்டிப் போயிருக்கலாம். அப்போது மீதிப் படிகளைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டாவதற்குப் போங்கள்.

படி 2: கிளினிக்

களைப்புக்கு எல்லாம் பர்ன்அவுட் என்று பெயர் வைத்துவிட முடியாது. தைராய்டு குறைவு, இரத்தச்சோகை, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகிய நான்கும் ஏறக்குறைய இதே முகத்தோடுதான் வரும். நம் வீடுகளில் சர்க்கரை புதிய விருந்தாளியும் அல்ல. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). காலையிலேயே போனால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். டாக்டரிடம் ‘டயர்டா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் வைட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. நோட்டைக் காட்டுங்கள். எத்தனை வாரமாக, தூக்கம் எத்தனை மணி, எடை ஏறியதா இறங்கியதா, குறட்டை உண்டா, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்கான கேள்வித்தாள் அங்கேயே இருக்கிறது. தேவைப்பட்டால் மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள்.

நேரில் போகத் தயக்கமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. தினமும் காலை 8 முதல் நள்ளிரவு வரை ஆள் இருப்பார்கள். மனம்விட்டுப் பேச கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். தற்கொலை எண்ணத்தை வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் ஊரில் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டப் பிரிவு 309ஐ 2023இலேயே எடுத்துவிட்டார்கள். சொல்லலாம், சொல்ல வேண்டும்.

எம்.சி. (மருத்துவச் சான்று) பற்றி ஒரு சொல். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேர்ந்து இரண்டு ஆண்டுக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 18, அதற்கு மேல் 22. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்தாக வேண்டும். சோர்வில் கைப்பேசியை அணைத்துப் போட்டுவிட்டுப் படுப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்; எம்.சி. கையில் இருந்தும் சொல்லாமல் வராதவர் கணக்கில் விழுந்துவிடுவார்கள். படுப்பதற்கு முன் ஒரு வரி மெசேஜ் போதும்.

படி 3: எங்கே ஒழுகுகிறது

பழைய ஓட்டு வீட்டில் மழை பெய்யும்போது முதலில் வாளியை எங்கே வைப்பது என்றுதான் பார்ப்போம், கூரை ஏறுவது அப்புறம். அதேபோல ஒரு முழு வேலைநாளை, 15 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு நாள் போதும், செவ்வாய் அல்லது புதன். கிடைப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

9.00 ஸ்டாண்ட்அப், 15 நிமிடம் என்று சொல்லி 40 நிமிடம். 9.40 ஜிரா டிக்கெட் (வேலைச்சீட்டு) திறந்தேன். 9.50 ஸ்லாக்கில் (குழு அரட்டை ஆப்) கேள்வி. 10.05 திரும்பவும் அதே டிக்கெட். 10.10 டெஸ்ட் விழுந்தது, மறுபடி ஓட்டினால் பாஸ், காரணம் தெரியவில்லை. 10.45 பெரியம்மா வாசலில், வங்கி ஆப் திறக்கவில்லையாம். 11.15 மூன்றாவது முறையாக அதே டிக்கெட். 11.20 அலர்ட், டிஸ்க் 80 சதவீதம், பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. 11.30 மீட்டிங்...

காலை முழுவதும் போய்விட்டது, கோட் எழுத உட்கார்ந்தது மொத்தம் அரை மணி கூட இல்லை. ஆனால் மூளை காலை முழுக்க ஓடியிருக்கிறது. நிரல் எழுதுவதற்கு ஒரு வரைபடத்தையே தலையில் ஏற்ற வேண்டும், எந்த மாறி எங்கிருந்து வருகிறது, எந்த நிபந்தனையில் எங்கே போகிறது என்று. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் அது கலைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். ஒரே டிக்கெட்டை மூன்று முறை திறந்தவர் மூன்று முறை மலை ஏறியவர். சோர்வு அங்கிருந்து வருகிறது, வேலையின் கனத்திலிருந்து அல்ல.

எழுதியதை நான்காகப் பிரியுங்கள்: அலர்ட்டும் ஆன்-காலும் (கோளாறு வந்தால் எழுந்து பார்க்கும் முறை), மெசேஜும் மீட்டிங்கும், கோடே தரும் தொல்லை, வீடும் ஊரும். எது அதிகமோ அதில் மட்டும் முதலில் கை வையுங்கள். நான்கையும் ஒரே வாரத்தில் சீர்திருத்தக் கிளம்புகிறவர் புதன்கிழமைக்குள் களைத்துவிடுவார். அவரிடம் இருப்பதே தெம்புக் குறைவு.

படி 4: ஒழுகலை அடைப்பது

அலர்ட். ஒரு மாதத்தில் வந்த அலர்ட்டுகளை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதற்காக இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆள் எழுந்து கையால் ஏதாவது செய்தாக வேண்டுமா? ஆம் என்றால் இருக்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்று ஐந்து வரி எழுதி அதோடு ஒட்டிவையுங்கள். மறுநாள் காலை பார்த்தால் போதும் என்றால் டிக்கெட்டாக மாற்றுங்கள். யாரும் ஒன்றும் செய்வதில்லை என்றால் அழித்துவிடுங்கள். மேலே பார்த்த டிஸ்க் 80 சதவீதம் இரண்டாம் வகை. 95 ஆகும்போது மட்டும் எழுப்பட்டும். கூகுளின் சர்வர் பராமரிப்புக் குழுக்கள் வைத்திருக்கும் வரம்பு 12 மணி நேர ஷிப்டுக்கு இரண்டு சம்பவம். அதற்கு மேல் போனால் ஒன்றையும் ஒழுங்காக ஆராய்ந்து திருத்த நேரம் இருக்காது, அதே கோளாறு திரும்பி வரும் என்பது கணக்கு. உங்கள் குழுவில் மூன்றே பேர் என்றாலும் இந்த எண்ணை மேலாளரிடம் வைத்துப் பேசலாம்.

இரவில் ஆன்-கால் எழுப்பினால் மறுநாள் காலை தாமதமாகத் தொடங்குவது வழக்கமாக வேண்டும். ஒரு மணி நேரம் விழித்தவர் இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்கட்டும். ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்கிற சலுகையாக அது இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கோட். ஒரு நேரத்தில் ஒரு டிக்கெட். மற்றது எல்லாம் வரிசையில் நிற்கட்டும். பெரிய வேலையை 200 வரிக்குள் அடங்கும் துண்டுகளாக அனுப்புங்கள். 1,500 வரி அனுப்பினால் ரிவியூ மூன்று நாள் கிடக்கும், அந்த மூன்று நாளும் அது மனசில் பாரமாகவும் கிடக்கும். காரணமில்லாமல் விழுந்து எழும் டெஸ்டை தற்காலிகமாக ஒதுக்கிவைத்து, அதைத் திருத்தத் தேதி போட்ட டிக்கெட் ஒன்று எழுதுங்கள். தேதி இல்லாத டிக்கெட் குப்பைத் தொட்டிதான். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு ப்ரொடக்ஷனுக்கு (பயனர்கள் கையில் இருக்கும் பதிப்புக்கு) எதையும் அனுப்பாதீர்கள். அவசியமானால் பழைய பதிப்புக்குப் பின்வாங்கும் கட்டளையை முன்பே எழுதி, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஏஐ எழுதித் தரும் கோடும் இப்போது இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. எழுதும் நேரம் குறைந்தது உண்மை. ஆனால் பிறர் எழுதியதைப் படித்துப் பிழை தேடும் வேலை நாள் முழுக்க நீள்கிறது, அது எழுதுவதைவிடச் சீக்கிரம் களைப்பாக்கும். ஒரு நாளில் அதற்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைப்பது நல்லது.

நேர வித்தியாசம். லண்டன் காலை 9 மணி நமக்கு மாலை 4, அங்கே குளிர்காலத்தில் 5. நியூயார்க் காலை 9 நமக்கு இரவு 9 அல்லது 10. சிட்னி காலை 9 நமக்கு காலை 7, அங்கே கோடையில் 6. சிட்னி ஆளும் நியூயார்க் ஆளும் ஒரே குழுவில் இருந்து, இரண்டு பக்கத்து மீட்டிங்குக்கும் நீங்களே தலையாட்டினால் உங்கள் வேலைநாள் பதினைந்து மணி நேரம். காலண்டரில் மீட்டிங் நேரம் மட்டும் தெரியும், இடையில் காத்திருப்பது யாருக்கும் தெரியாது. இரவு மீட்டிங் உள்ள நாளில் காலை வேலையைப் பதினோரு மணிக்குத் தொடங்குவேன் என்று காலண்டரில் அடைத்துவையுங்கள். வாரத்துக்கு இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம்.

கைப்பேசி. ஸ்லாக், இமெயில் அறிவிப்புகளை மாலை ஏழு முதல் காலை எட்டரை வரை அடைத்து, ஆன்-கால் எண்ணுக்கு மட்டும் வழிவிடுங்கள். ‘அவசரமென்றால் போன் போடுங்கள்’ என்று ஸ்டேட்டஸில் எழுதுங்கள். மெசேஜ் அனுப்பக் கூசாத பலர் போன் போடக் கூசுவார்கள். பாதி அவசரம் அங்கேயே குறைந்துவிடும்.

படி 5: மேலாளரிடம் பேசுவது

‘எனக்கு பர்ன்அவுட்’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. பரிவாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள் என்பார். எண்ணோடு போங்கள், ஒரு கோரிக்கையோடு போங்கள். எழுதி அனுப்பும் மெசேஜ் இவ்வளவு இருந்தால் போதும்:

‘போன மாதம் ஆன்-காலில் 31 அலர்ட் வந்தது. அதில் 6க்குத்தான் நடவடிக்கை தேவைப்பட்டது. 9 இரவு விழித்திருக்கிறேன். இதனால் பேமெண்ட் வேலை இரண்டு வாரம் பின்தங்கி நிற்கிறது. அடுத்த ஸ்பிரிண்டில் அலர்ட்டைச் சீர்செய்ய எனக்கு மூன்று நாள் வேண்டும். அதுவரை ரிப்போர்ட் டிக்கெட் இரண்டையும் தள்ளிவைக்கலாமா? புதன்கிழமை 15 நிமிடம் பேசலாம்.’

எதைத் தள்ளிவைப்பது என்று நீங்களே சொல்லிவிடுவதுதான் இதில் வேலை செய்யும் இடம். முடிவை அவரிடம் விட்டால் எல்லாமே முக்கியம் என்று பதில் வரும். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வேலை கொடுத்தவரிடம் முடியாது என்று சொல்வது மரியாதைக்குறைவு என்று வளர்த்திருக்கிறார்கள். ‘சரிங்க பாஸ், பார்க்கிறேன்’ என்று வாயில் வந்துவிடும். ‘முடியும், ஆனால் எதை நிறுத்திவிட்டு?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. இரண்டு முறை கண்ணாடி முன் சொல்லிப் பழகினால் மூன்றாம் முறை தானாக வரும்.

சட்டமும் பின்னால் நிற்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வரம்பு, முன்பு 48. ஓவர்டைம் சம்பளம் போன்ற சில பிரிவுகள் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவருக்குப் பொருந்தாது. அதே திருத்தத்தில் வந்த 60P பிரிவின்படி வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஒப்பந்த வேலையில் ஃப்ரீலான்ஸராக இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் பதில் தரும் நேரம் காலை 9 முதல் மாலை 6 என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

படி 6: வீடும் ஊரும்

பட்டணத்துக் கட்டுரைகள் எதிலும் இந்தப் பகுதி இருக்காது. இங்கேதான் பாதி பேர் தோற்கிறார்கள்.

அப்பா பால்மரம் வெட்டியவர், அல்லது செம்பனைக் குலை அறுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய், வெயிலிலும் சேற்றிலும் நின்றவர். அவர் கண்ணுக்கு விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வேலையாகத் தெரியாது. ‘வெயில்ல நிக்கிறியா, மழையில நனையிறியா, உனக்கென்னப்பா களைப்பு?’ அவரிடம் பர்ன்அவுட் என்ற சொல்லை விளக்கப் போகாதீர்கள், வாதம்தான் வளரும். மணிக்கணக்கில் சொல்லுங்கள்: ‘காலையில ஒன்பதுலேருந்து ராத்திரி பதினொன்னு வரைக்கும் வேலைப்பா, நடுவுல ரெண்டு தடவ எழுப்பினாங்க.’ மணிக்கணக்கு தோட்டத்து ஆளுக்குப் புரியும்.

அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. வெட்டு முடிந்து, பால் எடுத்து, ஸ்டோரில் எடை போட்டு, கிராணி (கணக்கர்) எழுதிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. வீட்டுக்கு மரத்தை யாரும் தூக்கி வருவதில்லை. நிரலாளருக்கு அந்த நிறுவை கிடையாது, அதனால் வேலை முடிந்ததாக மனசு ஒத்துக்கொள்வதே இல்லை. நாமே ஒன்று வைத்துக்கொள்வோம். தினமும் மாலை ஆறேகாலுக்கு நோட்டில் மூன்று வரி: இன்று எது முடிந்தது, எங்கே சிக்கி நிற்கிறது, நாளை காலை முதலில் எந்த ஃபைலைத் திறப்பேன். மூன்றாவது வரியில் ஃபைல் பெயரும் வரி எண்ணும் இருக்க வேண்டும். அது எழுதப்படாமல் இருந்தால் ராத்திரி பல் துலக்கும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எழுதியதும் லேப்டாப்பை மூடி, சார்ஜரோடு கண்ணில் படாத அலமாரியில் வையுங்கள். தனி அறை இல்லாத வீட்டில் இந்த அலமாரிதான் அலுவலகக் கதவு.

அடுத்தது உறவுகள். பகல் பதினொரு மணிக்கு அத்தை வருவார்: ‘தம்பி, வீட்லதான இருக்க, பிரிண்டர் ஓடமாட்டேங்குது, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்.’ மறுத்தால் மனஸ்தாபம், போனால் ஒரு மணி நேரம் போச்சு. மறுக்க வேண்டாம், நேரம் மாற்றுங்கள்: ‘வரேன் அத்தை, சனிக்கிழமை காலைல பசியாறிட்டு நேரா அங்கதான் வரேன். அதுவரைக்கும் அவசரம்னா கடைத்தெரு போட்டோஸ்டாட் கடையில எடுத்துக்குங்க.’ சனி காலை ஒரு மணி நேரம் ஊர் வேலைக்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் மூன்று வாரத்தில் வரிசை தானாக அமைந்துவிடும். சொன்ன நேரத்துக்குப் போகவும் வேண்டும். போகாவிட்டால் அடுத்த முறை நேரம் மாற்ற முடியாது.

கோயில் வெப்சைட், தமிழ்ப்பள்ளிக் கணினி வகுப்பு, இளைஞர் மணிமன்றத்து நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு ஆப் எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் தெம்பு 4க்குக் கீழே இருக்கும் மாதத்தில் அவையும் கோட்தான். ‘சித்திரைக்குப் பிறகு செய்து தருகிறேன்’ என்று மாதம் குறித்துச் சொல்லுங்கள். கோயில் வேலையில் பங்கெடுத்தே ஆக வேண்டுமென்றால் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போங்கள். கையால் செய்து, கண்ணெதிரே முடிகிற வேலை. இந்த நிலையில் அதன் அருமை தெரியும்.

மின்சாரமும் இணையமும் இன்னொரு மறைமுக பாரம். மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மழை வழக்கம். எப்போது கரண்ட் போகும், டெமோ நடுவில் இணையம் அறுந்துவிடுமோ என்ற பதற்றமே ஆளைத் தின்றுவிடும். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினால் ஒரு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். வேறு கம்பெனி சிம் போட்ட கைப்பேசி ஒன்று ஹாட்ஸ்பாட்டுக்கு. டிப்ளாய் (புதுப் பதிப்பை ஏற்றுவது), டெமோ எல்லாவற்றையும் மதியத்துக்கு முன் வையுங்கள். இந்த மூன்றைச் செய்தவர்கள் மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

தே தாரேக்கும் கோப்பிக்கும் மதியம் இரண்டு மணி எல்லை. உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் கோப்பியில் பாதி இரவு பதினொன்றுக்கும் இரத்தத்தில் இருக்கும். உடற்பயிற்சி என்றதும் ஜிம்மில் ஓராண்டுச் சந்தா கட்டாதீர்கள். வெயில் இறங்கியதும் ஆறரைக்கு, செம்பனை வரிசைக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் முப்பது நிமிடம், கைப்பேசி இல்லாமல். நாய் தொல்லை உள்ள பாதையானால் பள்ளித் திடலைச் சுற்றுங்கள்.

படி 7: இப்போது விடுப்பு

ஒழுகலை அடைத்த பிறகு எடுக்கும் விடுப்புதான் உடம்பில் ஒட்டும். குறைந்தது ஐந்து வேலைநாள், இரண்டு பக்கமும் சனி ஞாயிறு சேர்த்து ஒன்பது நாள். ஓரிரு நாளாகப் பிய்த்து எடுப்பதால் பயன் குறைவு, ஏனென்றால் முதல் மூன்று நாள் தூக்கத்திலும் எரிச்சலிலும் போய்விடும். தெம்பு எண் ஏறத் தொடங்குவதே பெரும்பாலும் நான்காம் நாளுக்குப் பிறகுதான். சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்குச் சட்டப்படி ஆண்டு விடுப்பே 8 நாள். அதில் தீபாவளிக்கும் வேண்டும், ஆகவே பொது விடுமுறையோடு ஒட்டிப் போடுங்கள்.

புதிய ஃப்ரேம்வொர்க் படிக்க இந்த வாரம் வேண்டாம். பலர் செய்யும் தவறு இது; பின்தங்கிவிட்டோம் என்ற குற்ற உணர்வில் விடுப்பையே பாடவகுப்பாக்கிவிடுவார்கள். ரப்பர் மரம் தெரிந்த வீட்டில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டினால் கொஞ்ச காலம் பால் கூடவே வரும். பிறகு வெட்டுப்பட்டை காய்ந்து, கத்தி பட்டும் பால் இறங்காது. பால் கூட்டும் மருந்தை அளவு மீறித் தடவினால் இன்னும் சீக்கிரம் காயும். அதற்கு வழி வெட்டை நிறுத்துவதுதான். சில மரம் அதற்குப் பிறகும் தேறாது. கோப்பியும் எனர்ஜி டிரிங்கும் அந்த மருந்து மாதிரிதான்.

திரும்பி வரும் முதல் நாள் காலையில் மீட்டிங் எதுவும் வேண்டாம். வந்து குவிந்த மெசேஜ்களில் உங்கள் பெயர் சொல்லிக் கேட்டவற்றை மட்டும் படியுங்கள்; மற்றதில் முக்கியமானது எதுவோ அது மறுபடி வரும். முதல் வாரம் ஒரே நாளில் முடியும் சின்ன பக்-கள். இரண்டு வாரம் ஆன்-கால் கிடையாது, அதை விடுப்புக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டில் எண் எழுதுவதை இன்னும் ஒரு மாதம் தொடருங்கள். மாலை 3 மணி எண் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் 4க்குக் கீழே போனால் மூன்றாம் படியில் எழுதிய பட்டியலை மறுபடி எடுங்கள். அடைத்த ஓட்டைகளில் ஒன்று திறந்திருக்கும். பெரும்பாலும் அது இரவு மீட்டிங்காக இருக்கும்.

வேலையை விடுவதானால்

எண்ணோடு பேசியும் மூன்று மாதத்தில் ஒன்றுமே மாறவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பதுதான் புத்தி. சேர்ந்த பிறகு விடுங்கள், விட்ட பிறகு தேடாதீர்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதித் திட்டப் பணம் பொதுவாகக் கிடைக்காது, அது வேலை பறிபோனவருக்கு. ஒப்பந்தத்தில் நோட்டிஸ் காலம் எழுதியிருக்காவிட்டால் சட்டப்படி இரண்டு ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 4 வாரம், ஐந்து ஆண்டு வரை 6, அதற்கு மேல் 8. ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். இபிஎஃப்பின் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கிலிருந்து 2024 மே முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் அதையும் சேமிப்பாகக் கணக்கிடுகிறார்கள். சம்பளத்திலிருந்து போவதில் பத்தில் ஒரு பங்குதான் அதில் விழுகிறது, திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ராஜினாமா கடிதத்தை ஆன்-கால் முடிந்த இரவில் எழுதினால் எழுதியபடியே வைத்துவிடுங்கள். இரண்டு இரவு ஒழுங்காகத் தூங்கி, பசியாறிய பிறகு எடுத்துப் படித்து, அப்போதும் சரியென்று பட்டால் அனுப்புங்கள்.